ஷரோனின் இரண்டாவது குரல்

கோப்பாய் ஜெபசீலன் யாரையும் வெறுத்தவர் அல்லர். யாருக்கும் கெடுதல் நினைத்தவரும் அல்லர். அவர் பொறாமைப்பட்டார், அவ்வளவுதான். அதையும் நினைத்த நேரத்தில் கண்டபடி செய்யாமல், கந்தோர் உத்தியோகம் பார்ப்பவரைப் போல வேளைக்குத் தொடங்கி ஒழுங்காகச் செய்தார். லீவு எடுத்ததாகத் தகவல் இல்லை.

அவருடைய தொழிலே ஒரு பொறாமையில் பிறந்ததுதான். இளந்தாரியாக இருந்த காலத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். ஆலயத்தில் மாப்பிள்ளை காத்து நின்றார். பொம்பிளை காத்து நின்றார். அந்த இடத்தில் ஆண்டவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் போதகரும் காத்து நின்றார். தோளில் கமெராவோடு நின்ற ஒருவரைப் பார்த்துப் போதகர், “தம்பி, தொடங்கட்டோ?” என்று கேட்டார். அந்த மனிதர் முதலில் லைற்றை ஒரு பக்கமாக அரக்கச் சொன்னார். பூச்சாடி ஒன்றைத் தள்ளி வைக்கச் சொன்னார். பிறகுதான், “ஓம், தொடங்குங்கோ” என்றார். கலியாண வீடுகளில் இளந்தாரிகள் மாப்பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுவதுதான் உலக வழக்கம். ஜெபசீலனுக்கு அன்று வீடியோக்காரரைப் பார்த்துச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று அவருடைய வீட்டு முன்னறைதான் ‘பெத்தானியா டிஜிற்றல்’. யன்னல்களை அடைத்து, சுவர் முழுவதும் முட்டை மட்டைகளை ஒட்டி, வெளிச் சத்தம் உள்ளே வராதபடி செய்திருக்கிறார். அந்த மட்டைகளில் வந்த முட்டைகளைக் குடும்பம் நெடுங்காலம் தின்று தீர்த்தது. கலியாணம், பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்யும் சாமத்தியவீடு, செத்தவீட்டைக் கனடாவுக்கு நேரடியாகக் காட்டுதல், பாட்டு ஒலிப்பதிவு, பாட்டுக்கு வீடியோ எல்லாம் இங்கே நடக்கும். கணினியில் இருக்கும் இசை மென்பொருள், சீடிக் கடைகள் இருந்த காலத்தில் ஒரு சீடிக் கடையில் வாங்கியது. அதில் மேலே படம் ஓடும், கீழே சத்தங்கள் தனித்தனிக் கோடுகளாக ஓடும். ஜெபசீலன் அந்தக் கோடுகளைப் பார்த்தபடி இருப்பது, டொக்டர்மார் இருதயக் கோட்டைப் பார்ப்பது போலவே இருக்கும்.

ஒலியைப் பற்றி அவருக்கு உறுதியான ஒரு கொள்கை இருந்தது. “எக்கோ இல்லாத குரல் உடுப்பில்லாத ஆள் மாதிரி. வெளியிலை விடக்கூடாது” என்பார். விடவும் இல்லை. சபைப் பாடகர் குழு கிறிஸ்மஸுக்குப் பாடும் நத்தார்ப் பாட்டை வருடாவருடம் அவர்தான் ஒலிப்பதிவு செய்து, வீடியோவும் எடுத்து, யூரியூப்பில் ஏற்றுவார். அந்தக் குழுவில், கந்தோர் ஒன்றில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி ஷரோனும் பாடுவார். ஷரோனுக்கு நல்ல குரல். ஆனால் பெத்தானியாவின் எக்கோவுக்குள் போய்விட்டால், கிணற்றுக்குள் விழுந்த ஒருவர் உதவி கேட்டுக் கூப்பிடுவது போலத்தான் அது வெளியே வரும். ஷரோன் இதைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. தன் குரல் உண்மையிலேயே அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் குருநகரில் கிறிஸ்ரோபர் என்பவன் தோன்றினான்.

கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. சென்னைக்குப் போய் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்து, வீட்டு மேல்மாடியில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ போட்டிருந்தான். அவனிடம் என்ன குறை இருக்கிறது என்று ஜெபசீலன் பல திசைகளிலும் விசாரித்தார். குடிப்பானாமா? இல்லை. சொன்ன நேரத்துக்கு வராதவனா? வருவானாம். வாய்க்கொழுப்பு? வயதில் மூத்தவர்களை அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவானாம். தான் செய்த வேலையை யாராவது பாராட்டினால், “சும்மா செய்து பாத்தது” என்பானாம். இப்படிப்பட்ட ஒருவனோடு ஒரே குடாநாட்டில் வாழ்வது எவ்வளவு கடினம் என்பதைப் பொறாமைப்பட்டுப் பழகியவர்கள் மட்டுமே அறிவார்கள்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றிஸுமாக நின்றபோது, பாடகர் குழுத் தலைவி வினிபிரட் ரீச்சர் ஜெபசீலனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் ரீச்சர் பேசத் தொடங்கினால் எதிரில் நிற்பவர் தானாக நிமிர்ந்து நிற்பார். அந்த வருடத்து நத்தார்ப் பாட்டு ரீச்சரே எழுதியது.

“தம்பி, இந்தமுறை பாட்டைக் கிறிஸ்ரோபரிட்டைக் குடுப்பம் எண்டு இருக்கிறம்.”

“எந்தக் கிறிஸ்ரோபர்?” ஜெபசீலனுக்கு உலகத்தில் ஒரேயொரு கிறிஸ்ரோபரைத்தான் தெரியும். இருந்தும் கேட்டார்.

“குருநகர்க் கிறிஸ்ரோபர்.”

“அவன் கத்தோலிக்கன் எல்லோ, ரீச்சர்?”

“ஓம். பாலன் பிறந்த விசயம் அவையளுக்கும் தெரியுமாம்.”

ஜெபசீலன் பற்றிஸைத் தட்டில் வைத்தார்.

“வீடியோ நீர்தான்” என்றார் ரீச்சர். “வீடியோவிலை உம்மை வெல்ல ஆளில்லை. மூண்டாம் சரணம் ஷரோன் தனியாப் பாடுறா. வடிவா எடும்.”

சத்தத்தைப் பற்றி ரீச்சர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் சொல்லாத அந்த வார்த்தையை ஜெபசீலன் வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஷரோன் குருநகருக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் ஏதோ இருந்தது. பஸ்ஸில் வந்த களைப்பு அல்ல அது. களைப்பாக இருந்திருக்கலாமே என்று ஜெபசீலன் விரும்பினார்.

“எப்பிடி?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னப்பா சொல்லுறது... அந்தப் பிள்ளை ஹெட்போனைப் போட்டுவிட்டு, ‘அக்கா, ஆருக்காகவும் பாடாதேங்கோ, உங்களுக்காகப் பாடுங்கோ’ எண்டான். பாடினன். பேந்து போட்டுக் காட்டினான். என்ரை குரல் இப்பிடித்தான் எண்டு இவ்வளவு நாளும் எனக்கே தெரியாது.”

இவ்வளவு நாளும். ஜெபசீலன் கதிரையைத் திருப்பினார்.

“என்ன மைக்?”

“கறுப்பு.”

“எல்லா மைக்கும் கறுப்புத்தான். என்ன பேர் போட்டிருந்தது?”

“நான் பேர் பாக்கப் போகேல்லை. பாடப் போனனான்.”

“எக்கோ எவ்வளவு போட்டவன்?”

“ஒண்டும் போடேல்லை.”

“எக்கோ போடாமல் ஒரு குரல் எப்பிடி நல்லாயிருக்கும்?”

“அதைத்தான் நானும் பஸ்ஸிலை யோசிச்சுக்கொண்டு வந்தனான்” என்று சொல்லிவிட்டு ஷரோன் அடுப்படிக்குப் போனார்.

ஜெபசீலன் தன் மைக்கைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி பூட்டினார். சத்தத்தில் வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை.

வீடியோவுக்குப் பாட்டு வேண்டும் அல்லவா. ஜெபசீலன் கிறிஸ்ரோபரிடம் பாட்டை மொத்தமாக அன்றி, ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக அனுப்பும்படி கேட்டார். வீடியோவுக்கு அது தேவையே இல்லை. ஆனால் பிழை பிடிப்பவருக்குத் தனித்தனியாக இருப்பதுதான் வசதி. கிறிஸ்ரோபர் எதற்கு என்று கேளாமல் எல்லாவற்றையும் அனுப்பினான். இதுவும் ஜெபசீலனுக்குப் பிடிக்கவில்லை.

பைல்களை மென்பொருளுக்குள் எடுக்கும்போது அது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. கணினி ஆங்கிலத்தில் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்வது ஜெபசீலனின் நீண்டகால வழக்கம். முன்பு ஒருமுறை ‘ஓம்’ என்று சொல்லப்போய், வைரஸ் புகுந்து, ஒரு முழுக் கலியாணமே அழிந்து போயிருந்தது. பொம்பிளை வீட்டார் இன்றைக்கும் அவரோடு கதைப்பதில்லை. ஆகவே ‘இல்லை’ என்றார். பாட்டு ஓடத் தொடங்கியது.

ஓடத் தொடங்கியது என்பது கொஞ்சம் கூடின சொல். பாட்டு நடந்தது. குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தடிமன் பிடித்து மூக்கடைத்தது போல இருந்தது. சுருதி அரைக் கட்டைக்கு மேல் இறங்கி, ஷரோனின் குரல் தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டது. ஜெபசீலன் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். அன்று அவர் முகத்தில் இருந்த சாந்தத்தை, ஞாயிறு ஆராதனையில் கூட யாரும் கண்டிருக்க மாட்டார்கள். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

“ரீச்சர், சொல்ல மனம் வரேல்லை. ஆனால் சபைக்காகச் சொல்லாமல் இருக்கேலாது.”

“சொல்லும்.”

“பாட்டுப் பிழை. சுருதி இறங்கிக் கிடக்கு. எல்லாரும் தடிமன்காரர் மாதிரிப் பாடுகினம். சென்னையிலை இதைத்தான் படிப்பிச்சவங்களோ தெரியேல்லை.”

“பொறும்” என்றார் ரீச்சர். அவர் அதே அழைப்பில் கிறிஸ்ரோபரையும் சேர்த்துவிடுவார் என்று ஜெபசீலன் எதிர்பார்க்கவில்லை. எழுபது வயதுக்குப் பிறகு மனிதர்கள் இப்படியான வித்தைகளைப் பழகுவது சமுதாயத்துக்கு நல்லதல்ல.

“அண்ணை,” கிறிஸ்ரோபரின் குரல் கேட்டது, “பைலை உள்ளுக்கு எடுக்கேக்கை அது ஒரு கேள்வி கேட்டதோ?”

“...கேட்டது.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

ஜெபசீலன் முட்டை மட்டைகளைப் பார்த்தார். “இல்லை எண்டனான்.”

“பரவாயில்லை அண்ணை, எல்லாருக்கும் வாறதுதான். நான் நாப்பத்தெட்டிலை எடுத்தனான். உங்கடை பழைய சீடிக் கணக்கிலை, நாப்பத்துநாலிலை நிக்குதாக்கும். ‘ஓம்’ எண்டு குடுங்கோ, சரியாகும்.”

விளங்காதவர்களுக்காக: கணினி ஒரு செக்கன் சத்தத்தைப் பல்லாயிரம் துண்டுகளாக நறுக்கி வைக்கிறது. ஒருவர் நாற்பத்தெட்டாயிரம் துண்டாக நறுக்கியதை, இன்னொருவர் செக்கனுக்கு நாற்பத்துநாலாயிரம் மட்டும் என்று பரிமாறினால், பந்தி இழுபடும். பாட்டு மெதுவாகும், சுருதி இறங்கும். இந்தப் பிழையில் சென்னைக்குப் பங்கு எதுவும் இல்லை.

“அப்ப எங்களுக்குத் தடிமன் இல்லையோ தம்பி?” என்று கேட்டார் வினிபிரட் ரீச்சர்.

ஜெபசீலன் ‘ஓம்’ கொடுத்தார். வாழ்க்கையில் மிக வேதனையோடு கொடுத்த ‘ஓம்’ அது. பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. மற்றக் குரல்களையும் வாத்தியங்களையும் அடக்கிவிட்டு, மூன்றாம் சரணத்து ஷரோனை மட்டும் கேட்டார்.

அது பக்கத்தில் இருந்தது. கிணறும் இல்லை, மண்டபமும் இல்லை. காதுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு பெண் மூச்செடுத்து, ஒரு கணம் பொறுத்து, பாடினாள். சொல் முடிகிற இடத்தில் குரல் மெல்ல நடுங்கி அடங்கியது. இந்த நடுக்கம் ஷரோனிடம் இருக்கிறது என்பது ஜெபசீலனுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்து, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரே சண்டையை வாரத்துக்கு ஒருமுறை பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர். அவருக்குத் தெரியாது. குருநகரில் ஒருவனுக்கு ஒரு பின்னேரத்தில் தெரிந்துவிட்டது.

அதுவரை அவர் பட்ட பொறாமைகள் எல்லாம் கமெராவுக்காக, கதிரைக்காக, பெயருக்காகப் பட்டவை. இது வேறு. இது நெஞ்சாங்கூட்டுக்குள் நேரடியாக ஆணி அடித்து, அதில் சட்டையைக் கொழுவியது.

ஒரு வாரத்துக்குப் பிறகு, மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆலய வளவில் வீடியோ எடுத்தார்கள். பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட, குழுவினர் அதற்கு வாயசைத்தார்கள். ரீச்சர் பின் வரிசைக்கும் தெரியட்டும் என்று வாயை அகலத் திறந்தார். ஷரோனின் முகத்தை ஜெபசீலன் கிட்டவாக எடுத்தார். படம் மிக நன்றாக வந்தது. படம் ஜெபசீலனுடையது, குரல் கிறிஸ்ரோபருடையது. ஒரே முகத்தில் இரண்டு பேர் பங்கு போட்டிருப்பது போல் அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

ஷரோனை இங்கே, பெத்தானியாவில், மறுபடி பாடவைப்பது. அந்தக் குரலை எடுத்துக் கிறிஸ்ரோபரின் பாட்டுக்குள், கிறிஸ்ரோபர் எடுத்த குரல் இருந்த இடத்தில் வைப்பது. யாருக்கும் சொல்லாமல்.

முதல் தடை, பக்கத்துக் காணி நவரட்ணம் அண்ணை. மழை வெள்ளம் வெங்காயப் பாத்திகளில் நின்றதால், காலையிலிருந்து மெசின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு முட்டை மட்டை போதாது. ஜெபசீலன் வேலியடிக்குப் போனார்.

“அண்ணை, உந்த மெசினை ஒரு மணித்தியாலம் நிப்பாட்ட ஏலுமோ? ஒரு பாட்டு எடுக்கவேணும்.”

“உம்மடை பாட்டை நாளைக்கும் பாடலாம். என்ரை வெங்காயம் நாளைக்கு அழுகிப்போடும்.”

“உங்கடை பேத்தியின்ரை சாமத்தியவீட்டுக்கு நான் சும்மா வந்து வீடியோ எடுத்துத் தாறன்.”

“பிள்ளைக்கு இப்பதான் ஏழு வயசு.” நவரட்ணம் அண்ணை மண்வெட்டியில் சாய்ந்து யோசித்தார். “ட்ரோனும் வருமோ?”

“வரும்.”

“ரெண்டு ட்ரோன்?”

“அண்ணை, ஒண்டு போதும், வானத்திலை முட்டுப்படும்.”

மெசின் நின்றது.

இரண்டாவது தடை, ஷரோன். ஞாயிறு மத்தியானச் சமையலின் நடுவில் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாய் அசைவு சரியோ எண்டு பாக்கவேணும். உந்தப் படத்தைப் பாத்துக்கொண்டு ஒருக்காப் பாடும்” என்றார் ஜெபசீலன்.

“படத்திலை இருக்கிறது என்ரை வாய்தானே? சரியாத்தான் இருக்கும்.”

“சொப்ட்வெயார் கேக்குது.”

“உங்கடை சொப்ட்வெயார் கேக்கிறதுக்கு நீங்கள் எப்பவும் இல்லை எண்டுதானே சொல்லுறனீங்கள்?”

“இண்டைக்கு ஓம் எண்டிட்டன். பாடும்.”

ஷரோன் பாடினார். திரையில் அவர் முகம், எதிரில் அவர். புதுக்குரல் படத்து உதட்டோடு ஒட்டவேண்டும் என்பதால், படத்தில் எங்கே மூச்செடுத்தாரோ அங்கேயே மூச்செடுக்க வேண்டும். ஜெபசீலன் கையை உயர்த்தி அந்த இடங்களைக் காட்டினார். அதற்காக மனைவியின் வாயையும் கழுத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ‘வெளிச்சம்’ என்ற சொல்லுக்கு முன் ஷரோன் நாடியை நெஞ்சுப்பக்கம் சற்றுத் தாழ்த்துவதை அன்றுதான் கண்டார்.

“என்னை இப்பிடிப் பாத்து எவ்வளவு காலம்” என்றார் ஷரோன், இடையில்.

“கதையாதையும். ரெக்கோட் ஓடுது.”

கடைசி வரிகளில் ஷரோனின் கண் படத்தை விட்டு வாசற்பக்கம் போனது. எங்கேயோ தூரத்தில் எதையோ தேடுவது போன்ற பார்வை. குரலில் ஒரு தவிப்பு வந்தது. ஜெபசீலன் உயர்த்திய கையை இறக்க மறந்தார். குருநகரில் இது கிடைத்திருக்குமா? சான்சே இல்லை.

அதன் பிறகுதான் கடினமான வேலை. குரலைக் கிறிஸ்ரோபரின் பாட்டுக்குள் வைத்தார். கை பழக்கத்தில் எக்கோவைத் தூக்கினார். உடனே குட்டு வெளிப்பட்டது. மற்றக் குரல்கள் எல்லாம் அறையில் நிற்க, ஷரோன் மட்டும் கிணற்றில் நின்றார். யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டுமென்றால் எக்கோவை எடுத்தே ஆகவேண்டும். கொஞ்சம் குறைத்தார். இன்னும் தெரிந்தது. இன்னும் குறைத்தார். இப்படியே குறைத்துக் குறைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைசித் துளியையும் எடுத்தார். தன் கொள்கைக்கும் தன் பொறாமைக்கும் நடந்த போரில் கொள்கை தோற்றது. நன்றாக இருந்தது. பயப்படுமளவுக்கு நன்றாக இருந்தது.

நத்தார் கரோல் மாலை. மண்டபம் நிரம்பி, யன்னல்களிலும் ஆட்கள். கிறிஸ்ரோபரும் புதுச் சேட்டோடு அழைப்பின் பேரில் வந்து முன் வரிசையில் இருந்தான். விளக்கணைத்து வீடியோவைப் போட்டார்கள். மூன்றாம் சரணம் வந்தது. திரை முழுவதும் ஷரோனின் முகம், மண்டபம் முழுவதும் ஷரோனின் குரல். பிள்ளைகள் சத்தம் அடங்கியது. ஜெபசீலன் பின்பக்கம் புறொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்று, திரையைப் பாராமல் ஆட்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுகள் அசையவில்லை. ஒரு கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

என்ன வேண்டும் என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. விளக்குப் போட்டதும் கைதட்டல் ஓயவில்லை. வினிபிரட் ரீச்சர் மேடைக்கு ஏறி, “கிறிஸ்ரோபர் தம்பி, எழும்பும்! எங்கடை ஷரோனின்ரை குரலை இப்பிடி ஒருத்தரும் எடுத்ததில்லை!” என்றார். எல்லோரும் கிறிஸ்ரோபரைப் பார்த்துத் தட்டினார்கள். ஷரோனும் தட்டினார். போதகரும் தட்டினார். ‘ஒருத்தரும் எடுத்ததில்லை’ என்ற சொல்லில் அடங்கியிருந்த அந்த ஒருத்தர் புறொஜெக்டரின் சூட்டில் நின்று வேர்த்தார். தான் செய்த மிகச் சிறந்த வேலைக்குத் தன் கண்ணெதிரே இன்னொருவன் பாராட்டு வாங்குவதைப் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்படும் நிலைக்கு வந்திருந்தார் அவர். துறையில் இதற்கு மேல் படி கிடையாது.

கிறிஸ்ரோபர் எழுந்தான். மைக்கை வாங்கினான்.

“ரீச்சர், மன்னிக்கவேணும். மூண்டாம் சரணத்துக் குரல் நான் எடுத்தது இல்லை. நான் எடுத்தது வேறை.” பின்னுக்குத் திரும்பிப் பார்த்தான். “ஜெபசீலன் அண்ணைதான் எடுத்திருக்கவேணும். என்ரையை விட நல்லாயிருக்கு.”

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? குனிந்து வயர் சுற்றுவான். ஜெபசீலன் நிமிர்ந்து, சேட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்த்தார். கைதட்டல் ஒழுங்காகத்தான் தொடங்கியது. ஆனால் அதில் ஒருவரின் கை சேரவில்லை. முன் வரிசையிலிருந்து ஷரோன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது.

வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வழக்கமாக ஷரோன் அவர் தோளில் கையை வைப்பார். அன்று சீற்றின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு அரிசிப் பை வைக்கலாம் போல இடைவெளி விட்டு இருந்தார். இருபாலைச் சந்தியில்தான் ஷரோன் கேட்டார்.

“அது அண்டைக்கு வாய் அசைவு பாக்கவெண்டு பாடினதோ?”

“ஓம்.”

“கிறிஸ்ரோபர் எடுத்ததை எடுத்துப்போட்டு, அதை வைச்சனீங்களோ?”

“சனம் எப்பிடி இருந்தது எண்டு பாத்தனீர்தானே? ஒரு முதுகு அசையேல்லை! அந்தக் கடைசி வரியிலை உம்மடை குரல் தவிச்சது பாரும், நெஞ்சைப் பிசைஞ்சது...”

“பீற்றூட் கறி அடுப்பிலை கிடந்தது.”

“என்ன?”

“அடிப்பிடிக்கிற மணம் வந்தது. எப்ப முடியும், எப்ப முடியும் எண்டு பாடினனான். அதுதான் தவிப்பு.”

மோட்டார் சைக்கிள் தானாக வேகம் குறைந்தது.

“குருநகரிலை நான் ஒண்டையும் நினைக்கேல்லை” என்றார் ஷரோன். “கந்தோர் இல்லை, கறி இல்லை, உங்கடை எக்கோ இல்லை. எனக்கெண்டு பாடின ஒரே பாட்டு அது. அதைத்தான் எடுத்து எறிஞ்சிருக்கிறீங்கள். என்னை ஒரு சொல் கேட்டியளோ?”

கேட்கவில்லை. இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து யாருடைய குரல், எவனுடைய வேலை என்று ஜெபசீலன் எத்தனையோ முறை யோசித்திருந்தார். குரலின் சொந்தக்காரியிடம் கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் சொல்ல இருபாலையிலிருந்து கோப்பாய் வரை நேரம் இருந்தது. வழியிலிருந்த பள்ளங்களைக் கவனமாகத் தவிர்த்து ஓட்டினார்.

மறுநாள் வீடியோவை யூரியூப்பில் ஏற்றவேண்டும். இலண்டனிலும் கனடாவிலும் சபைக் குடும்பங்கள் காத்திருந்தன. ஷரோன் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்கள் இருக்கும் பிளாஸ்ரிக் கதிரையைப் பெத்தானியாவுக்குள் இழுத்துப் போட்டு இருந்தார்.

“அவன் எடுத்தது இருக்குதோ, அழிச்சுப்போட்டியளோ?”

“இருக்கு.” அழிக்க மனம் வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. இடைக்கிடை தனியாகப் போட்டுக் கேட்டார் என்பதையும் சொல்லவில்லை.

“ரெண்டையும் போடுங்கோ.”

ஹெட்போனைக் கொடுத்தார். முதலில் தன்னுடையதைப் போட்டார். ஷரோன் தலையை ஆட்டிக் கேட்டார், அடுத்த வீட்டுப் பிள்ளை பாடுவதைக் கேட்பது போல. பிறகு மற்றதைப் போட்டார். ‘வெளிச்சம்’ வருவதற்கு முன் ஷரோனின் நாடி சற்றுத் தாழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ஜெபசீலன் காதில் எதுவும் விழவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அவர் இல்லை. கிறிஸ்ரோபரும் இல்லை. இது ஒரு வகையில் ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. இப்போது பொறாமைப்பட அவருக்கு ஒரு ஆள் கூட மிஞ்சவில்லை. அந்தப் பாட்டைப் பாடிய பெண்ணைத் தவிர.

“இது” என்றார் ஷரோன், ஹெட்போனைக் கழற்றி.

“சனம் மற்றதுக்கெல்லோ கைதட்டினது...”

“சனத்துக்குப் பீற்றூட் பிடிச்சிருக்கு. அது அவையளின்ரை விருப்பம். கனடாவுக்கு இது போகட்டும்.”

ஜெபசீலன் தான் எடுத்த குரலை அணைத்தார். கிறிஸ்ரோபருடையதை அந்த இடத்தில் வைத்தார். படம் எடுத்தபோது ஷரோன் வாயசைத்தது இதற்குத்தானே, உதடும் சொல்லும் அச்சொட்டாக ஒட்டின. இழுக்கவும் வேண்டியிருக்கவில்லை, வெட்டவும் வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கைகாட்டிப் பாடவைத்தார்! ஒரு பெருமூச்சு விட்டு, கடைசியில் வரும் பெயர்களைத் திருத்தத் தொடங்கினார். பாடல்: வினிபிரட் ரீச்சர். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு: பெத்தானியா டிஜிற்றல், ஜெபசீலன். அதன் கீழே ஒலிப்பதிவு: கிறிஸ்ரோபர்.

ஷரோன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

“அவன்ரை பேர் ஏன் சின்னனாக் கிடக்குது?”

“ஒரே அளவுதான்.”

“ஒரே அளவு இல்லை. எனக்குக் கண் தெரியும்.”

ஜெபசீலன் கிறிஸ்ரோபரின் பெயரைத் தெரிவு செய்து, எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். ஷரோன் நிமிரவில்லை. ஜெபசீலன் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.